மேசையில் உருண்ட பந்து: தாமஸ் பேய்ஸ்

புள்ளியியல் படிக்கும் நம் மாணவர்களுக்குத் தாமஸ் பேய்ஸ் என்றாலே ஒரு சூத்திரம்தான் நினைவுக்கு வரும். தேர்வுக்கு முதல் நாள் மனனம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் சூத்திரம். ரிங்லெட்டில் விடுமுறை நாள்களில் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுக்கும்போதும் இதையே பார்க்கிறேன். அந்தச் சூத்திரத்துக்குப் பின்னால் ஒரு மனிதரும் ஒரு படமும் உண்டு.

பேய்ஸ் சுமார் 1701-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை ஜோஷுவா, அரசுத் திருச்சபையில் சேராத கிறிஸ்துவப் பிரிவொன்றின் போதகர். அப்பிரிவினர் ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பட்டம் பெற முடியாத காலம் அது. ஆகவே பேய்ஸ் 1719-இல் ஸ்காட்லாந்துக்குப் போய், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தர்க்கமும் இறையியலும் படித்தார். (உள்ளூரில் இடமில்லாமல் வேறு ஊர் தேடிப் போவது நம்மவர்களுக்குப் புதிய கதையா என்ன?) பின்னர் டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்னும் ஊரில் போதகரானார். நியூட்டனின் நுண்கணிதத்தை பிஷப் பார்க்லி தாக்கி எழுதியபோது, 1736-இல் பெயர் போடாமல் ஒரு நூல் எழுதி நியூட்டன் பக்கம் நின்று வாதாடினார். 1742-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

அவர் பெயரை நிலைக்கச் செய்த கட்டுரையை அவர் உயிரோடிருந்தபோது வெளியிடவே இல்லை. 1761-இல் அவர் இறந்த பிறகு, நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் அதைத் தாள்களுக்கிடையே கண்டெடுத்து, செப்பனிட்டு அனுப்பிவைத்தார். 1763 டிசம்பரில் ராயல் சொசைட்டியில் அது வாசிக்கப்பட்டது.

அந்தக் கட்டுரையில் ஒரு சதுர மேசை வருகிறது. அதன்மேல் ஒரு பந்தை உருட்டி, அது நின்ற இடத்தின் வழியாக ஒரு கோடு போடுகிறோம். கோடு எங்கே என்று தெரியாத ஒருவரிடம், இரண்டாவது பந்தைப் பலமுறை உருட்டி, ஒவ்வொரு முறையும் அது கோட்டுக்கு வலமா இடமா என்று மட்டும் சொல்கிறோம். பத்தில் ஒன்பது முறை வலப்பக்கம் என்றால், கோடு இடது ஓரத்தை ஒட்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். விளைவைப் பார்த்துக் காரணத்தை எடைபோடும் வழி இது. நிபந்தனை நிகழ்தகவின் உயிர்நாடி இந்தப் படத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

எங்கள் லயத்தில் இது எனக்கு உதவியது. கொழுந்து பறித்துக் காலம் தள்ளிய என் அத்தைக்கு, மார்பகப் பரிசோதனையில் சந்தேகம் இருப்பதாகவும் ஈப்போவுக்குப் போய் மறுபடி பார்க்க வேண்டும் என்றும் தகவல் வந்தது. பரிசோதனை நூற்றுக்குத் தொண்ணூறு சரி என்று யாரோ சொல்ல, தமக்கு நோய் தொண்ணூறு விழுக்காடு உறுதி என்று அத்தை முடிவு கட்டிவிட்டார். சங்கிலியை யாருக்குக் கொடுப்பது என்ற பேச்சே வந்துவிட்டது.

நாள்காட்டித் தாளின் பின்புறம் ஒரு நீண்ட சதுரம் வரைந்தேன். அது 1,000 பெண்கள் என்று வைத்துக்கொண்டோம். ஓரத்தில் மெல்லிய பட்டையாக நோயுள்ள 10 பேர். அவர்களில் 9 பேரைப் பரிசோதனை கண்டுபிடிக்கிறது. மீதி 990 பேரில் பத்தில் ஒருவரை, அதாவது 99 பேரை, அது தவறாகச் சந்தேகிக்கிறது. சந்தேகப் பட்டியலில் மொத்தம் 108 பேர். சந்தேகம் என்று தெரிந்தபின் மற்றவர்களை அழித்துவிடலாம்; இந்த 108 பேர்தான் இனி முழு உலகம். அதில் நோயாளிகள் 9 பேர், பன்னிரண்டில் ஒருவர். நோயாளிகளில் எத்தனை பேர் சிக்குகிறார்கள் என்பது வேறு, சிக்கியவர்களில் எத்தனை பேர் நோயாளிகள் என்பது வேறு.

அந்த 9 பேரில் தாமும் இருந்தால் என்ன செய்வது என்று அத்தை கேட்டார். சரியான கேள்வி. அதற்காகத்தான் ஈப்போவுக்குப் போக வேண்டும் என்றேன். அன்றிரவு சாப்பிட்டார். மறு வாரம் போனார். சாதாரணக் கட்டி என்று தெரியவந்தது.

பேய்ஸின் கட்டுரையைப் பல ஆண்டுகள் அதிகம் பேர் கவனிக்கவில்லை. பிரான்சில் லாப்லாஸ் 1774-இல் தனியாகவே இதே எண்ணத்துக்கு வந்து, பிறகு அதை விரிவாக வளர்த்தார். நூல்களில் பேய்ஸ் என்று அச்சிடப்படும் படம் அவருடையதுதானா என்பதே ஐயம். கல்லறை மட்டும் உறுதி. லண்டன் பன்ஹில் ஃபீல்ட்ஸ் இடுகாட்டில் இருக்கும் அதை, 1969-இல் உலகெங்குமுள்ள புள்ளியியலாளர்கள் பணம் அனுப்பிப் புதுப்பித்தார்கள். பிரைஸும் அதே இடுகாட்டில்தான் அடக்கமாகியிருக்கிறார்.