செரிசாவா கெய்சுகே

செரிசாவா கெய்சுகே (மே 13, 1895 – ஏப்ரல் 5, 1984) ஜப்பானைச் சேர்ந்த துணிச் சாயக் கலைஞரும் வடிவமைப்பாளரும் ஆவார். கயிறு, கூடை, பானை போன்ற அன்றாடப் பொருட்களையும் ஜப்பானிய எழுத்துக்களையும் துணியில் சித்திரங்களாக்கியவர்.

வாழ்க்கை

சிசுவோக்கா நகரில் துணி வணிகக் குடும்பமொன்றில் பிறந்தார். ஓவியராக விரும்பினார். ஆயினும் வீடு தீக்கிரையானதால் அவ்விருப்பத்தைக் கைவிட்டு, டோக்கியோ உயர் தொழிற்பள்ளியில் வடிவமைப்புப் பயின்று 1916 இல் தேறினார். 1917 இல் மணம் புரிந்து, மனைவியின் குடும்பப் பெயரான செரிசாவா என்பதை ஏற்றுக்கொண்டார்.

1927 இல் கொரியா சென்ற கப்பலில், நாட்டார் கைவினை இயக்கத்தை வழிநடத்திய யானாகி சோயெட்சுவின் கட்டுரையைப் படித்தார். மறு ஆண்டு டோக்கியோ கண்காட்சியொன்றில் ஒக்கினாவாத் தீவின் பிங்காட்டாச் சாயத்துணிகளைக் கண்டார். முப்பது வயதைக் கடந்த பின்னரே சாயத்தொழிலுக்கு வந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. 1939 இல் ஒக்கினாவாவுக்கே சென்று அக்கலையைக் கற்றார்.

1945 இல் டோக்கியோவின் காமாத்தாப் பகுதியில் இருந்த அவரது வீடும் பட்டறையும் வான் தாக்குதலில் எரிந்தன. அதே ஆண்டு நடந்த போரில், பிங்காட்டாவின் தாயகமான சூரி நகரும் அழிந்தது. போருக்குப் பின் கைத்தாளில் சாயமிட்ட நாட்காட்டிகளைச் செய்து தொழிலை மீண்டும் தொடங்கினார்.

சாய முறை

பெர்சிமன் காய்ச்சாறு ஏற்றிய தடித்த தாளில் உருவம் வெட்டப்படுகிறது. அதைத் துணிமேல் வைத்து அரிசிப் பசை பூசுவர். பசை காய்ந்தபின் எஞ்சிய இடங்களில் வண்ணம் தீட்டித் துணியை நீரில் அலசினால், பசை இருந்த இடம் சாயமேறாமல் நிற்கும். வழக்கமாக வரைபவர், வெட்டுபவர், சாயமிடுபவர் என வேலை பிரிந்திருக்கும். செரிசாவா மூன்றையும் தாமே செய்தார். வெட்டும் கத்திக்கு எது எளிதோ அதற்கேற்பவே வரைந்ததால் அவர் கோடுகளில் தயக்கம் இல்லை.

1955 இல் உருவாக்கிய கயிற்றுத் திரை இதற்கு நல்ல சான்று. மதுக்கடை வாயில்களில் தொங்கும் வைக்கோல் கயிறுகளை அப்படியே துணித்திரையில் சாயமிட்டார். ஒரு திரையின் மேல் இன்னொரு திரை!

சிறப்புகள்

1956 இல் ஜப்பானிய அரசு அவரை வாழும் தேசியச் செல்வமாக அறிவித்தது. 1976 இல் பாரிசின் கிராண்ட் பாலே மண்டபத்தில் அவரது கண்காட்சி நடைபெற்றது. 1981 இல் சிசுவோக்காவில் அவர் பெயரில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பல நாடுகளிலிருந்து அவர் சேகரித்த கைவினைப் பொருட்களும் அங்கு உள்ளன. காமாத்தாவில் அவர் பிற்காலத்தில் வாழ்ந்த மரவீடும் அவரது மறைவுக்குப் பின் அங்கு பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது.