காட்பாடிக்கு டிக்கெட் எடுக்க வைத்த அம்மையார்

பெங்களூரில் டிக்கெட் கவுண்ட்டரில் உட்காருகிற எங்களுக்கு ஒரு அனுபவம் உண்டு. கையில் எக்ஸ்ரே கவரும் முகத்தில் கவலையுமாக ஒருவர் வந்து நின்றால், அவர் வாய் திறக்கும் முன்பே ஊர் தெரிந்துவிடும்.

காட்பாடி!

காட்பாடியில் இறங்கினால் வேலூர். அங்கே சி.எம்.சி. ஆஸ்பத்திரி. அதன் முன்னால் ஓடுகிற சாலைக்கு ஐடா ஸ்கடர் சாலை என்று பெயர். அந்தப் பெயருக்கு உரியவர் ஒரு அமெரிக்கப் பெண்மணி. டாக்டர் தொழிலே வேண்டாம் என்று ஒரு காலத்தில் உறுதியாக இருந்தவர்!

ராணிப்பேட்டையில் பிறந்தவர்

ஐடா ஸ்கடர் 1870-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்கடர் மிஷன் டாக்டர். தாத்தாவும் டாக்டர்தான். 1819-ல் இலங்கைக்கு வந்து இறங்கியவர் அவர்.

சின்ன வயதிலேயே பஞ்சத்தையும் பட்டினியையும் கண்ட ஐடாவுக்கு இந்த ஊர் வாழ்க்கை பிடிக்கவில்லை. படிக்க அமெரிக்கா போனதும் அங்கேயே தங்கிவிட வேண்டும் என்று எண்ணினார். தாயாருக்கு உடல்நலம் இல்லை என்று சேதி வரவே, 1890-ல் திண்டிவனம் வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போய்விடுவதாகத்தான் திட்டம்.

ஒரே இரவில் மூன்று பேர்

அந்தத் திட்டத்தை மாற்றியது ஒரே ஒரு இரவு.

ஒரு பிராமண இளைஞர் வீட்டு வாசலுக்கு வந்தார். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். ஐடா வந்து உதவவேண்டும் என்றார். தமக்கு வைத்தியம் தெரியாது, தம் தந்தை டாக்டர், அவரை அழைத்துப் போகலாம் என்று ஐடா சொன்னார். வந்தவர் சம்மதிக்கவில்லை. அன்னிய ஆண் ஒருவர் பிரசவ அறைக்குள் வருவதை அவர்கள் வழக்கம் ஏற்கவில்லை. திரும்பிப் போய்விட்டார்.

சிறிது நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். பிறகு இன்னொரு இந்து. இருவர் வீட்டிலும் அதே பிரசவக் கஷ்டம். இருவரும் அதே பதிலைச் சொல்லித் திரும்பினார்கள்.

விடிந்தது. ஊருக்குள் சாவு மேளம் கேட்டது. ஐடா ஆள் அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள்!

டாக்டர் இருந்தார். மருந்தும் இருந்தது. ஆனால் அந்தப் பெண்களின் கைக்கு அது எட்டவில்லை. ஐடாவை உலுக்கியது இதுதான். டாக்டருக்குப் படிப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தார்.

ஒரு கட்டில் ஆஸ்பத்திரி

1899-ல் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஷெல் என்ற செல்வந்தர், மறைந்த தன் மனைவியின் நினைவாக ஆஸ்பத்திரி கட்ட 10 ஆயிரம் டாலர் கொடுத்தார். 1900-ல் ஐடா வேலூர் வந்து சேர்ந்தார். வந்த சில மாதங்களிலேயே தந்தை காலமானார். பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுக்க ஆள் இல்லை.

ஆனாலும் வீட்டிலேயே ஒரு அறை, ஒரு கட்டிலுடன் வைத்தியத்தை ஆரம்பித்தார். முதலில் ஜனங்கள் தயங்கினார்கள். பிறகு கூட்டம் தாங்கவில்லை. இரண்டு ஆண்டுகளில் சுமார் 5 ஆயிரம் பேருக்கு வைத்தியம் நடந்தது. 1902-ல் 40 படுக்கைகளுடன் பெண்களுக்கான மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

மரத்தடி வைத்தியம்

ஆஸ்பத்திரி வந்துவிட்டது. ஆனால் 20 மைலுக்கு அப்பால் இருக்கிற நோயாளி எப்படி வருவார்? நடக்கத் தெம்பு இல்லை, வண்டிக்குக் காசு இல்லை. ஒரு நாள் கூலி போனால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

நோயாளி வரமுடியாவிட்டால் நாம் போவோம் என்று ஐடா கிளம்பிவிட்டார். வேலூரிலிருந்து குடியாத்தம் போகும் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி, காத்திருந்தவர்களுக்குப் புண் கழுவிக் கட்டினார். கண்ணுக்கு மருந்து போட்டார். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார். 1909-ல் ஒரு பெஜோ கார் வந்தது. அதுவரை காரையே பார்த்திராத கிராமத்து ஜனங்கள், பேய் வருகிறது என்று அலறி ஓடினார்களாம். அப்புறம் அதே காருக்காகக் காலையிலிருந்தே சாலையோரம் காத்துக் கிடந்தார்கள்.

ஒருவரால் ஆகாது

தன் இரண்டு கைகள் மட்டும் போதாது என்பது ஐடாவுக்குப் புரிந்தது. 1909-ல் நர்சுகளுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1918-ல் பெண்களுக்காக மருத்துவப் பள்ளி திறந்தார். பெண்கள் படிக்க வருவார்களா என்று அதிகாரிகளே சந்தேகப்பட்டார்கள். 151 பேர் விண்ணப்பித்தார்கள்! முதல் அணியில் படிப்பை முடித்த 14 பேரும் அரசாங்கப் பரீட்சையில் தேறினார்கள். பிரசவ அறைக்குள் போகக்கூடிய டாக்டர்கள் இந்த மண்ணிலிருந்தே உருவானார்கள்.

பிறகு சோதனை வந்தது. பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு கட்டாயம் என்று 1938-ல் விதி மாறியது. புதிய கட்டடங்களும் ஆசிரியர்களும் வேண்டும். பணம் இல்லை. 70 வயதில் ஐடா அமெரிக்கா போய் ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942-ல் பட்டப்படிப்பு வந்தது. 1947-ல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். பெண்கள் கல்லூரியாகவே இருக்கவேண்டும் என்ற பழைய நண்பர்களின் வருத்தத்தையும் அவர் தாங்கவேண்டியிருந்தது.

ஓய்வுக் காலத்தைக் கொடைக்கானலில் கழித்த ஐடா, 1960 மே மாதம் 89-வது வயதில் அங்கே காலமானார்.

ஜன்னல் வழியே பாருங்கள்

கோலார் தங்கவயலுக்கும் பெங்களூருக்கும் பிழைக்க வந்த தமிழர்களில் வடாற்காட்டுக்காரர்கள் நிறையப் பேர். அந்தச் சாலையோரத்தில் காத்துக் கிடந்தவர்கள் வேறு யாரோ அல்ல. நம் பாட்டிகளும் கொள்ளுப் பாட்டிகளும்தான்.

1977-ல் அதே வழியில் உள்ள கே.வி.குப்பம் வட்டாரத்தில் சி.எம்.சி. ஒரு கிராம சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கியது. ஊர் தேடிப் போகும் அந்தப் பழக்கம் ஐடாவோடு நின்றுவிடவில்லை.

அடுத்த முறை காட்பாடிக்கு டிக்கெட் எடுப்பவர்கள், ரெயில் குடியாத்தத்தைத் தாண்டியதும் ஜன்னல் வழியே கொஞ்சம் பாருங்கள். இன்று நாம் வைத்தியத்தைத் தேடி ரெயில் ஏறுகிறோம். அன்று அந்தப் பக்கத்து மரத்தடிகளுக்கு வைத்தியம் நம்மைத் தேடி வந்தது.