கரிவரதன் – மாருதி எஞ்சினில் ரேஸ் சொல்லிக்கொடுத்தவர்



பூந்தமல்லியில் பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை தெரியும். அங்கே இருப்பது 1990-இல் திறந்த ரேஸ் டிராக். ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். ரேஸ் என்றதும் நமக்கு நினைவு வருவது கார் ஓட்டுகிறவர்தான். நரேன் கார்த்திகேயன் பெயரைச் சொன்னால் நம்ம ஹாஸ்டல் பையன்கள் எல்லாரும் தலையாட்டுவார்கள். அந்த நரேன் சின்னப் பையனாக முதன்முதலில் ரேஸில் ஓட்டிய கார் எது, அதைச் செய்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள்... சத்தமே இருக்காது. அவரைப் பற்றி எழுதத்தான் மலர்க்குழுவிடம் இரண்டு பக்கம் கெஞ்சி வாங்கினேன்.

அவர் பெயர் கரிவரதன். 1954-இல் பிறந்தார், கோவைக்காரர். லட்சுமி மில் குடும்பம். 1910-இல் அந்த மில்லை ஆரம்பித்த குப்புசாமி நாயுடுவின் பேரன், ஜி.கே. சுந்தரத்தின் மகன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது ஏழைப் பையன் முன்னேறிய கதை கிடையாது. பணம் இருந்தது. வெளிநாட்டுக் காரை வரி கட்டி இறக்குமதி செய்து, ஓட்டி, கோப்பை வாங்கிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்தவர்களும் உண்டு. அவர் அதோடு நிற்கவில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

அந்தக் காலத்து ரேஸ் சோழவரத்தில் நடந்தது. அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் போய் அதற்குமேல் கொஞ்ச தூரம். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் அது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. ஜனம் லாரி பிடித்து வந்து வெயிலில் நின்று பார்க்கும். ஓடுகிற வண்டிகளோ ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. ஒரு பக்கம் தலையை மில்லிங் செய்து கார்புரேட்டர் மாற்றிய நம்மூர் ஃபியட். இன்னொரு பக்கம் சீமையிலிருந்து வந்த நிஜ ரேஸ் கார். 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் என்ற ஃபார்முலா 1 காரையே கொண்டுவந்து அங்கே ஓட்டினார்!

பார்க்கிறவனுக்குத் திருவிழாதான். ஆனால் கற்றுக்கொள்ள வந்தவனுக்கு? ஃபியட்டைத் தயார் செய்த மெக்கானிக் ராத்திரி பகலாய் உழைத்து இரண்டு செகண்ட் குறைத்திருப்பான். அது யார் கண்ணிலும் படாது, ஏனென்றால் பக்கத்து வண்டி பிறவியிலேயே அரை நிமிஷம் முன்னால் இருக்கிறது. ஜெயித்தது டிரைவரா, டியூனிங்கா, பர்ஸா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

கரிவரதன் தானும் சோழவரத்தில் ஓட்டியவர். கோவையில் தன் பட்டறையில் ரேஸ் கார்களைச் செய்தும் பார்த்தவர். அவர் பிடித்த வழி மிக எளிது. 1983 டிசம்பரில் மாருதி 800 ரோட்டுக்கு வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், 40 குதிரைத்திறன் கூடத் தேறாது. குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற கார். ஸ்பேர் மட்டும் எல்லா ஊரிலும் கிடைக்கும். 1980களின் கடைசியில் அந்த எஞ்சினை வைத்து, ஒருவர் மட்டும் உட்காரும் ரேஸ் காரைக் கொண்டுவந்தார். ஃபார்முலா இந்தியன் சிங்கிள் சீட்டர் மாருதி எஞ்சின் என்பது முழுப்பெயர். எல்லாரும் சொன்னது ஃபார்முலா மாருதி.

மாருதி 800-இல் எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்பக்கம் குறுக்காக உட்கார்ந்து முன்சக்கரத்தை இழுக்கும். அந்த ஜோடியை அப்படியே தூக்கி டிரைவரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால் அதே ஜோடி பின்சக்கரத்தைத் தள்ளும்! நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட் வேண்டாம், தனி டிஃபரென்ஷியல் வேண்டாம். குழாயை வெட்டி வெல்டு செய்து சேஸி. மேலே ஃபைபர் உடம்பு. நம்ம ஃபிட்டிங் ஷாப், வெல்டிங் ஷாப்பில் இருக்கிறவனுக்குப் புரியாதது இதில் என்ன இருக்கிறது சொல்லுங்கள்?

விலை குறைந்தது பாதி விஷயம். எல்லாரிடமும் ஒரே எஞ்சின் என்பதுதான் மீதிப் பாதி, என்னைக் கேட்டால் பெரிய பாதி. அப்போதுதான் இன்றைக்கு ‘பெர்ஃபார்மன்ஸ் எஞ்சினியரிங்’ என்கிறோமே, அந்த வேலைக்கே இடம் பிறக்கிறது. குதிரைத்திறனை ஏற்ற வழி இல்லாதபோது மிச்சம் இருப்பதையெல்லாம் தேட வேண்டும். டயர் காற்று, சக்கரத்தின் கேம்பர், டோ, ஸ்பிரிங், எடை எங்கே உட்காருகிறது என்பது... இதில்தான் நேரம் ஒளிந்திருக்கிறது.

சின்ன எஞ்சினில் இன்னொரு சங்கடமும் உண்டு. பெரிய எஞ்சின்காரன் வளைவில் தப்புச் செய்தால் நேர் ரோட்டில் மிதித்துச் சரிக்கட்டிவிடுவான். மாருதி எஞ்சினில் அது நடக்காது. வளைவிலிருந்து வெளியே வரும்போது மணிக்கு 5 கிலோமீட்டர் குறைந்தால் அந்த நஷ்டம் நேர் ரோட்டின் கடைசிவரை கூடவே வரும். 120-இல் போகிற கார் ஒரு செகண்டுக்கு 33 மீட்டர் ஓடுகிறது. சுற்றுக்கு அரை செகண்ட் விட்டால் பத்துச் சுற்றில் 160 மீட்டருக்கு மேல் பின்தங்கிவிடுவோம். அதனால் டிரைவர் சொல்வதை மெக்கானிக் கேட்க வேண்டும், மெக்கானிக் மாற்றியதை டிரைவர் உணர்ந்து சொல்ல வேண்டும். முன்பக்கம் வழுக்கிக்கொண்டு போகிறதா, பின்பக்கம் சுற்றுகிறதா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, ஸ்டாப் வாட்சைப் பார், நோட்டில் எழுது. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று சொல்ல ஆண்டவனாலும் முடியாது!

டயர் காற்றை மட்டும் பாருங்கள். காலையில் 30 டிகிரியில் 26 பிஎஸ்ஐ வைத்த டயர், ஓடி 80 டிகிரிக்குச் சூடானால் 32-க்கு மேல் போகும். முதல் வருஷம் ஃபிசிக்ஸில் படித்த வாயு விதிதான், வேறொன்றுமில்லை. சூடான பிறகு என்ன அழுத்தம் வேண்டும் என்று முடிவு செய்து, அதிலிருந்து பின்னோக்கி வந்து காலையில் எவ்வளவு அடிப்பது என்று கணக்குப் போட வேண்டும். நானும் என் ரூம்மேட்டும் இதை அவன் பைக்கில் சோதித்தோம். அம்பத்தூரிலிருந்து திருநின்றவூர் வரை போனோம். 28 வைத்த பின்டயர் அங்கே போனதும் 33 காட்டியது. கணக்குப்படி 30, 31 தானே வர வேண்டும்? தலையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் பார்த்தால், காற்றடித்தது ஒரு பங்கில், அளந்தது இன்னொரு பங்கில். இரண்டு மீட்டருக்கும் 2 பிஎஸ்ஐ வித்தியாசம்! மெட்ராலஜி சார் காலிபரேஷன் காலிபரேஷன் என்று கத்தியது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஃபார்முலா மாருதி கார்கள் இருங்காட்டுக்கோட்டையில் ஓடின. நரேன் 1990களின் தொடக்கத்தில் அதில்தான் ரேஸ் பழகினார். பிறகு 1994-இல் இங்கிலாந்து போய் ஃபார்முலா ஃபோர்டு ஓட்டி, 2005-இல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா 1-க்குள் நுழைந்த முதல் இந்தியர் ஆனார். அதைப் பார்க்கக் கரிவரதன் இல்லை. 1995 ஆகஸ்ட் 24-ஆம் தேதி கோவையில் நடந்த சிறு விமான விபத்தில் இறந்துபோனார். வயது 41.

41 என்பது எனக்கு ஜீரணமாகவில்லை. டிரைவருக்குத்தான் வயதாகும். கார் செய்கிறவனுக்கு 41 என்பது அப்போதுதான் கை தேறுகிற வயது.

அவர் தொடங்கிய வழி நின்றுவிடவில்லை. பிறகு வந்த எல்ஜிபி ஃபார்முலா 4 கார்களும் கோவையில் செய்தவைதான், அவற்றிலும் மாருதி எஞ்சின்தான். 2003-இல் கோவை செட்டிபாளையத்தில் திறந்த 2.1 கிலோமீட்டர் டிராக்குக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரையே வைத்தார்கள். ஃபார்முலா பாரத் என்ற போட்டியில் காலேஜ் பசங்க தாங்களே செய்த காரை அங்கே கொண்டுவந்து ஓட்டுகிறார்கள். 2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி வெளிச்சத்தில் ரேஸ் விட்டபோது டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்தக் காரெல்லாம் நிறைய சென்சார் வைத்தது. லேப்டாப்பில் கோடு கோடாக வரும். கோடு வந்தாலும் அதைப் படிக்க ஆள் வேண்டும், எதை மாற்றுவது என்று சொல்ல ஆள் வேண்டும்.

ஒரு குறை எனக்கு உண்டு. ஃபார்முலா மாருதியில் ஜெயித்த டிரைவர்களின் பெயர் பேப்பரில் இருக்கிறது. அந்தக் கார்களுக்குக் கேம்பர் பிடித்து, பிளக் கழற்றி நிறம் பார்த்து, ஸ்டாப் வாட்சோடு வெயிலில் நின்ற ஆட்களின் பெயரை எங்கும் காணோம். நம்ம மாதிரி டிப்ளமோ, ஐடிஐ படித்தவர்கள் அதில் எத்தனை பேரோ! பாடியில் வீல் செய்கிறான், பிரேக் செய்கிறான், நாமும் அங்கேதான் அப்ரன்டிஸ் போகிறோம். ஆனால் அதே வீலும் பிரேக்கும் ரேஸில் என்ன பாடுபடும் என்று நம்ம சிலபஸில் ஒரு வரி இல்லை.

அடுத்த ரேஸுக்கு ஆட்டோமொபைல் மூன்றாம் வருஷத்திலிருந்து ஆறு பேர் இருங்காட்டுக்கோட்டை போகிறோம். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் காலை ஏழு மணி. ஸ்டாப் வாட்ச் செல்போனிலேயே இருக்கிறது. ஆளுக்கு ஒரு காரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சுற்று நேரத்தையும் எழுதப் போகிறோம். வருகிறவர்கள் நோட்டும் தண்ணி பாட்டிலும் கொண்டுவரவும்.