பிரேக் போட்டா நிக்கணும்: டி.வி.சுந்தரம் ஐயங்கார்

சுரண்டையில லோடு ஏத்திக்கிட்டு, செங்கோட்டை வழியா ஆரியங்காவு தாண்டி புனலூர் பக்கம் இறங்குற ஒரு பழைய ராணுவ லாரியைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. இறக்கம் முழுக்க பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா என்ன ஆகும்? ட்ரம் சூடாகி விரியும். லைனிங்கின் பிடிப்பும் குறையும். அப்புறம் பெடலை எவ்வளவு அமுக்கினாலும் வண்டி நிற்காது.

இதுக்கான வைத்தியம் பட்டறையில தெரிஞ்ச விஷயம்தான். ட்ரம்மைக் கழற்றி, தேய்ந்த லைனிங்கை மாற்றி, ட்ரம்மில் வரி விழுந்திருந்தா லேத்தில் கடைந்து, ஷூவுக்கும் ட்ரம்முக்கும் இடையே இருக்கிற இடைவெளியைச் சரி செய்யணும். கஷ்டம் வேலையில இல்லை. வண்டி நிற்காமப் போறதுக்கு முன்னாடியே அதைச் செய்யணுமே, அதுலதான் இருக்கு.

அந்த 'முன்னாடியே' என்பதைத் தொழிலாக்கியவர் நம்ம நெல்லைச் சீமைக்காரர். 1877 மார்ச் 22 அன்று திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார். வக்கீல் தொழில், ரயில்வே, வங்கி என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பாதுகாப்பான வேலையை உதறியவர். 1912-ல் மதுரையில் பஸ் விட்டார். அன்றைய ரோடு எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிங்க! மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஓடிய பாதை. லாட ஆணி குத்தி டயர் பஞ்சராகக் கூடாதுன்னு, பஸ் போகும் பாதையில காந்தம் கட்டின வண்டியை முன்கூட்டியே ஓட விட்டார் என்று இன்னமும் சொல்வார்கள். பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்களாம்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. பல வண்டிகள் ஷெட்டில் முடங்க, இவர் டிவிஎஸ் கேஸ் பிளான்ட்டைத் தயாரித்தார். கரியைக் குறைந்த காற்றில் எரித்து, அதில் வரும் வாயுவால் இன்ஜினை ஓட்டும் ஏற்பாடு இது. பெட்ரோல் அளவுக்கு இழுவை கிடைக்காது, ஆனா வண்டி ஓடும். தேய்ந்த டயரைத் தூக்கிப் போடாமல் ரீட்ரெட் செய்யவும் ஒரு தொழிற்சாலை தொடங்கினார்.

வீட்டிலும் அப்படித்தான். மகள் சௌந்தரம் இளவயதிலேயே கணவரை இழந்தபோது, மூலையில் உட்கார வைக்காமல் டெல்லிக்கு அனுப்பி டாக்டருக்குப் படிக்க வைத்தார். காந்திகிராமத்தை உருவாக்கிய டாக்டர் சௌந்தரம் அவர்தான்.

தொழிலை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு, 1955 ஏப்ரல் 28 அன்று கொடைக்கானலில் காலமானார். அவர் குழுமம் பிரேக் தயாரிப்பில் இறங்கியது அதற்குப் பிறகுதான். 1962-ல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா, 1974-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். அதாவது, பஸ்ஸை ஓட்டிப் பழகிய வீடு, கடைசியில் அதை நிறுத்தவும் கற்றுக்கொண்டது!

நாம டிசைன் பண்றதுக்கு ஆசைப்படுவோம், மெயின்டனன்ஸ்னா முகம் சுளிப்போம். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, பக்கத்துப் பட்டறையில ட்ரம்மைக் கழற்றுகிற அண்ணாச்சிகிட்ட பத்து நிமிஷம் நில்லுங்க. லைனிங் எவ்வளவு தேய்ஞ்சா மாத்தணும்னு கேளுங்க. மலை இறங்குற அந்த டிரைவரோட உயிர் அந்தச் சில மில்லிமீட்டர்லதான் இருக்கு.