லிலியந்தாலும் அவரது காப்புவளையும்

வானிற் பறக்க விரும்பினோர் எந்நாட்டிலும் உளர். ஆயின் பறப்பது எவ்வாறு என்பதனோடு, விழுந்தால் உயிர் பிழைப்பது எவ்வாறு என்பதனையும் எண்ணி உழைத்தோர் மிகச் சிலரே. அவருள் ஒருவர் ஓட்டோ லிலியந்தால் என்னும் ஜெர்மானியப் பொறியியலறிஞர்.

அவர் 1848-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் பிரஷியாவில் அங்கிளாம் நகரிற் பிறந்தார். ஆண்டுள்ள புல்வெளியினின்று நாரைகள் எழுந்து பறத்தலைத் தம்பி குஸ்டாவுடன் கண்டு களிப்பார். இருவருஞ் சிறகு செய்து, பள்ளித் தோழர் நகைப்பரென்று அஞ்சி இரவிற் சோதித்தனர். பின்னர் பெர்லினிற் பொறிக்கலை பயின்ற லிலியந்தால், சுழலுந் தண்டிற் சிறு மாதிரிச் சிறகுகளைப் பொருத்தி ஆராய்ந்தார். தட்டைச் சிறகினும் சற்றே வளைந்த சிறகைக் காற்று நன்கு தாங்கும் என்பது அதனாற் புலனாயிற்று. இம்முடிபுகளை 1889-இல் நூலாக வெளியிட்டார்.

அவர் பிழைப்புக்காகச் செய்த தொழிலும் ஈண்டுக் கருதத்தக்கது. அக்காலத்து நீராவிக் கொதிகலன்கள் வெடித்துப் பலரைக் கொன்றன. லிலியந்தாலோ சுருட்குழாய்களாலாகிய சிறு கொதிகலனை அமைத்தார். அதனுள் நீர் சிறிதே நிற்குமாதலின் வெடிக்கும் அச்சம் குறைந்தது. ஆலையின் இலாபத்தில் நாலிலொரு பங்கைத் தொழிலாளர்க்கு அளித்தமை அவருள்ளத்தின் இயல்பைக் காட்டும்.

1891-இல் தெர்விட்ஸ் என்னும் ஊரருகே பறக்கத் தொடங்கினார். ஏறத்தாழ 2,000 முறை பறந்தாரென்பர். ரீனோக் குன்றுகளில் 250 மீட்டர் வரையுஞ் சென்றார். 1894-இல் பெர்லினருகே 15 மீட்டர் உயரமுள்ள செயற்கைக் குன்றொன்றை எழுப்பினார். காற்று எத்திசையினின்று வரினும் அதனை எதிர்கொண்டு இறங்கத்தக்கதாகக் கூம்பு வடிவில் அஃது அமைந்தது. அவர்தம் சிறகுப்பொறிகளை விலைக்கும் விற்றார். வாங்கினாரொருவர்க்கு, முறித்துக்கொள்ள மாந்தர்க்கு ஒரு கழுத்தே உண்டென்று கடிதத்தில் நினைவூட்டினாராம்!

பொறியில் தொங்கி, உடலை அசைத்தே அதனைச் செலுத்தவேண்டியிருந்தது. பொறி தலைகீழாகப் பாய்ந்தால் தடுத்தல் அரிது. ஆதலின் முன்புறத்தே வில்லோ மரக்கொம்பை வளைத்துக் காப்பாக அமைத்தார். 1894-இல் ஒருமுறை உயரத்தினின்று வீழ்ந்தபோது அவ்வளை தரையிற் குத்திச் சிதறியது. அவரோ சிறு காயத்துடன் பிழைத்தார்.

1884-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜெர்மானிய ஆலைத் தொழிலாளர்க்கு விபத்து இன்ஷ்யூரன்ஸ் கிடைத்திருந்தது. குன்றினின்று பறக்கும் முதலாளிக்கு அதில் இடமேது? இன்றோ அந்நாட்டில், தரையினின்று இயக்கும் மாதிரி ஜெட் விமானத்தையும், பிறர்க்கு நேருங் கேட்டை ஈடுசெய்யும் இன்ஷ்யூரன்ஸ் இன்றிப் பறக்கவிடலாகாது.

1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஸ்டோலன் என்னும் ஊரின் கோலன்பெர்க் குன்றினின்று பறந்தார். அன்று அக்காப்புவளை பூட்டப்படவில்லை. ஒரு முறையன்று, பன்முறை இறங்கிப் பழகிய குன்றன்றோ! திடீரெனக் காற்று மோதப் பொறி நிமிர்ந்து நின்றது. உடலை முன் வீசியும் பயனின்றி ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்தினின்று வீழ்ந்தது. கழுத்தெலும்பு முறிந்த அவரைப் பெர்லினுக்குக் கொண்டுசென்றனர். மறுநாள் மாண்டார், வயது 48. மனைவியும் மக்கள் நால்வரும் எஞ்சினர்.

அமெரிக்காவில் அச்செய்தியைப் படித்த வில்பர் ரைட், பறத்தற்கலையில் மீண்டும் கருத்தூன்றினார். லிலியந்தால் மாண்டவாறு தாமும் மாளலாகாதென்றே ரைட் சகோதரர் தம் பொறியின் ஏற்றவிறக்கச் சுக்கானை முன்புறத்தே வைத்தனர். 1903-இல் வானேறிய அவர்தம் விமானத்தும் அஃது அவ்விடத்தேயே இருந்தது.