சர் தாமஸ் ஹாலண்டு

அடையாற்றின் கரைவழியே மேற்றிசை நோக்கிச் செல்வார் காண்பது பரங்கிமலை. பரிசுத்த தோமா இரத்தசாட்சியாய் மரித்த இடமென வழிவழியாகப் போற்றப்படும் அம்மலையின் கல்லுக்கு, உலகெங்கும் வழங்கும் பெயரை ஈந்தவர் சர் தாமஸ் ஹென்ரி ஹாலண்டு என்னும் நிலநூற் புலவராவர்.

இவர் 1868-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கார்ன்வால் நாட்டிற் பிறந்தார். 1890-இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் அமர்ந்தார். கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் பரங்கிமலை, பல்லாவரம் ஆகிய இடங்களின் கருங்கல்லும் ஓரினமே எனக் கண்டு, 1893-இல் அதற்குச் சார்னோக்கைட் எனப் பெயரிட்டார். 1900-இல் அதனைப்பற்றி விரிவாக எழுதி வெளியிட்டார்.

அக்கல் அனற்குழம்பு உறைந்து உண்டாயிற்று என்பது அவர் துணிபு. பின்வந்தோர் பலர், முன்னிருந்த பாறைகளே கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறின என மறுத்துரைத்தனர். குழம்பாய் உறைந்தவையும் உண்டு, உருமாறியவையும் உண்டு என்பர் இக்காலத்தார். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகட்கு முன் பூமியின் ஆழத்தே உருப்பெற்ற இப்பாறை, மேல்மூடிய நிலம் உயர்ந்து தேய்ந்தமையால் இன்று நம் கண்முன் நிற்கின்றது. இது தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாகவும் விளங்குகின்றது.

ஹாலண்டு 1903 முதல் அத்துறையின் தலைவராகவும், 1929 முதல் எடின்பரோ பல்கலைக்கழகத் தலைவராகவும் விளங்கி, 1947-இல் காலமானார்.

மாணவ நண்பர்களே! அவர் கொள்கை ஐயத்திற்கு உள்ளாயிற்று. ஆயினும் அவர் கூர்ந்து நோக்கிய நோக்கு பழுதுபடவில்லை. பலரும் மிதித்துச் சென்ற கல்லை ஒருவர் குனிந்து பார்த்தார். சிருஷ்டிகர்த்தரின் கைவண்ணம் நம் காலடியிலும் உளதன்றோ!