மோக்ஷமூலரும் இருக்கு வேதப் பதிப்பும்

மாக்ஸ் முல்லர் என்னும் பெயரைக் கேட்டறியாதவர் நம் கலாசாலையில் இரார். நம் நாட்டுப் பண்டிதர்கள் அப்பெயரை மோக்ஷமூலர் என்று வடமொழியாக்கி வழங்கினர். அவரும் அதனை உவந்து ஏற்று, தம் பதிப்பின் முகப்பிலே ஜெர்மனியிற் பிறந்து கோதீர்த்தத்தில் வசிக்கும் மோக்ஷமூலர் என்று வடமொழியிற் பொறித்துக்கொண்டார். ஆக்ஸ்போர்டு என்பதற்கு எருது கடக்கும் துறை என்பது பொருள். அதனாலேயே கோதீர்த்தம் ஆயிற்று. இத்துணை நெருக்கம் பாராட்டிய அப்பெரியார் நம் நாட்டு மண்ணில் ஒருநாளேனும் கால் வைத்ததில்லை என்பது வியப்பே.

அவருடைய கல்வியைப் புகழ்ந்து எழுதினோர் பலர். இகழ்ந்து எழுதினோரும் உளர். கைப்பொருளற்ற ஓர் இளைஞர், அந்நிய நாட்டிலே, ஊதியம் தாராத ஒரு பெருநூலுக்கு வேண்டிய பொருளை எங்ஙனம் தேடினார் என்பதையே ஈண்டுச் சிறப்பாகக் கூறப் புகுந்தோம். ஆராய்ச்சிக்குப் பொருளுதவி வேண்டி விண்ணப்பத்தின்மேல் விண்ணப்பம் எழுதிக் காத்திருக்கும் நம் பட்டதாரி நண்பர்கள் இவ்வரலாற்றிலே தம் முகத்தைக் காணக்கூடும்.

அவர் 1823ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் ஜெர்மனியைச் சார்ந்த டெஸ்ஸௌ என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் வில்ஹெல்ம் முல்லர் பெயர்பெற்ற கவி. ஷூபர்ட் என்னும் இசைப்புலவர் அவருடைய பாடல்களுக்கு இசை அமைத்தார். அக்கவி முப்பத்துமூன்று வயது நிரம்புமுன்னரே 1827இல் இறந்தார். நான்கு வயது நிரம்பாத மகனைக் கைம்பெண்ணாகிய தாயார் சொற்ப வருவாயைக்கொண்டு வளர்த்தார். லைப்சிக் சர்வகலாசாலையிற் பயின்று 1843இல் பட்டம் பெற்ற மைந்தர், அங்கேயே வடமொழியும் கற்று, மறு ஆண்டில் ஹிதோபதேசத்தை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். பின்பு பெர்லினில் பாப் என்பவரிடமும், 1845 முதல் பாரிஸில் யூஜீன் பர்னூப் என்பவரிடமும் பாடங்கேட்டார்.

அவர் வாழ்வு திரும்பியது பாரிஸிலேதான். இருக்கு வேதத்தை அதன் உரையின்றிக் கற்பது பயனில்லை என்பது பர்னூபின் கொள்கை. அவ்வுரை பதினான்காம் நூற்றாண்டிலே விஜயநகர வேந்தர் புக்கருடைய ஆதரவில் சாயணாசாரியார் இயற்றியது. ஐரோப்பாவில் அதுவரை முழுநூலும் அச்சேறியதில்லை. ரோசன் என்னும் ஜெர்மானியர் முதல் அஷ்டகத்தை மட்டும் மூலமும் லத்தீன் மொழிபெயர்ப்புமாகச் செய்துவைத்து இளமையிலேயே இறந்தார். அது அவர் இறந்த பின்பு 1838இல் வெளிவந்தது. மூலமும் உரையும் முழுமையாகப் பதிப்பிக்கும் வேலையை ஆசிரியர் தம் இருபத்திரண்டு வயது மாணாக்கரிடம் ஒப்புவித்தார். ஆசிரியர் கட்டளை எளிது. அதனை நிறைவேற்றப் பணம் எங்கே? பிறருக்காகச் சுவடிகளைப் பார்த்தெழுதிக் கொடுத்து அக்கூலியிலே மாணாக்கர் உண்டார். ஓர் இரவு முழுவதும் விழித்திருப்பதும், அடுத்த இரவு உடை களையாமலே சற்றுக் கண்ணயர்வதும், மூன்றாம் இரவு மட்டும் செவ்வையாய் உறங்குவதும் அந்நாளில் அவர் வழக்கமாயிருந்தன. இம்முறையை நம் மாணவர்கள் பின்பற்றவேண்டாம். பரீட்சைக் காலத்தில் ஏற்கனவே பின்பற்றுவோரை யாம் என் செய்வது?

முதலில் ரஷ்ய தேசத்துப் பக்கம் ஒரு வழி திறப்பதுபோலத் தோன்றிற்று. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த பெட்லிங்க் என்னும் வடமொழி வல்லுநர் அந்நகரத்து விஞ்ஞான சங்கத்தின் வாயிலாக நூலை வெளியிடலாம் என்று எண்ணங்கொண்டார். ஆனால் அப்பேச்சு உறுதிப்படாமலே நின்றது. சாயணருரையின் சுவடிகள் மிகுதியாக இருந்த இடம் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் மாளிகையாகும். ஆகவே சில வாரங்கள் தங்கி அவற்றை ஒப்பிட்டுப் பார்த்து மீள்வதாகக் கருதி, 1846ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இங்கிலாந்து போந்தார். சில வாரங்களுக்கென்று வந்தவர், இடையிடையே வெளியூர் சென்றதொழிய, ஐம்பத்துநான்கு ஆண்டு அந்நாட்டிலேயே தங்கினார்.

அங்கே அவருக்கு வாய்த்த துணைவர் இருவர். ஒருவர் பிரஷ்ய மன்னரின் தூதராகிய புன்சன் பிரபு. அவர் தம் இளமையில் வேதத்தைத் தேடி இந்தியா செல்ல விரும்பி, அவ்வாசை நிறைவேறப் பெறாதவர். தாம் செய்யாது விட்டதைச் செய்ய முன்வந்த இளைஞரிடம் அவருக்குத் தனி அன்பு உண்டாயிற்று. மற்றவர் கம்பெனியின் நூலகத் தலைவரும் ஆக்ஸ்போர்டில் வடமொழிப் பேராசிரியருமான ஹொரேஸ் ஹேமன் வில்சன். ஒருவர் அரசியலார் இடத்திலே செல்வாக்குடையவர்; ஒருவர் கம்பெனியாரின் உள்வழக்கமெல்லாம் அறிந்தவர். விண்ணப்பதாரர் எத்துணை வல்லவராயினும், அவர் இன்னார் என்று எடுத்துச்சொல்ல இத்தகையோர் இல்லாவிடின் காரியம் கைகூடாது. அன்றும் அப்படியே, இன்றும் பெரும்பாலும் அப்படியே.

விண்ணப்பம் 1846 டிசம்பர் முதல் கம்பெனியாரின் ஆலோசனையில் இருந்தது. முல்லர் கேட்டது பெருந்தொகையன்று. ஆண்டுதோறும் 50 பாரம் அச்சுக்கு ஆயத்தமாக்கிக் கொடுப்பதாகவும், பாரம் ஒன்றுக்கு 4 பவுன் வீதம் ஆண்டுக்கு 200 பவுன் தரவேண்டுமென்றும் கேட்டார். அச்சுச் செலவு கம்பெனியாரைச் சார்ந்தது. 1847 ஏப்ரல் நடுவிலே அனுமதி முறைப்படி கிடைத்தது; அச்செய்தியை அவர் உடனே தாயாருக்கு எழுதி மகிழ்ந்தார். வேதம் தங்கள் ஆளுகைக்குட்பட்ட மக்களின் பண்டைச் சமயத்தையும் சரித்திரத்தையும் மொழியையும் சார்ந்ததாதலின் அதனை ஆதரிப்பது தமக்குத் தகும் என்பது கம்பெனியின் இயக்குநர்கள் கூறிய காரணம். மிளகும் துணியும் விற்கப் புறப்பட்ட ஒரு வணிகக் கூட்டம், நாட்டைக் கைப்பற்றி வரி வசூலித்து, அந்நாட்டு வேதத்தை அச்சிட ஒரு ஜெர்மானியருக்குக் கூலி கொடுத்தது. அக்கூலியின் மூலம் எவருடைய பணம் என்று நோக்கின், நம் முன்னோர் செலுத்திய தீர்வையும் அதிற் கலந்திருத்தல் வேண்டும். இதனை முல்லரின் குற்றமாகச் சொல்லவில்லை. கணக்கிற் சேரவேண்டியதைச் சேர்க்கிறோம், அவ்வளவே.

1848 பிப்ரவரியில் சுவடிகளை ஒப்பிடும்பொருட்டு மறுபடியும் பாரிஸ் சென்றிருந்தபோது அங்கே புரட்சி மூண்டது. தெருவிலே துப்பாக்கிச் சத்தம். அறையிலே கிடைத்தற்கரிய ஏடுகள். அவற்றைக் காத்து எடுத்துக்கொண்டு லண்டன் திரும்பினார். பிரெஞ்சு அரசர் ஓடிப்போன செய்தியை அவர் வாயிலாகக் கேட்ட புன்சன், அவரை உடனே மந்திரி பாமர்ஸ்டன் பிரபுவிடம் அழைத்துச் சென்றாராம். அவ்வாண்டிலேயே, நூல் அச்சாகும் ஆக்ஸ்போர்டுக்குக் குடிபெயர்ந்தார்.

முதற் சம்புடம் 1849இல் வெளிவந்தது. ஆறாம் சம்புடம் 1874இல் வெளிவந்தது. அனுமதி கிடைத்த நாளிலிருந்து இருபத்தேழு ஆண்டு! இடையிலே பணம் கொடுத்த கம்பெனியின் ஆட்சியே 1858இல் முடிந்தது. கம்பெனியின் கடமையை ஏற்ற இந்தியா மந்திரியின் காரியாலயம் இந்தச் செலவையும் ஏற்றது. ஆண்டுக்கு இத்தனை பாரம் என்று எழுதிக்கொடுக்கும்போது, பாடபேதம் ஒன்றுக்காக ஒரு கிழமை கழியும் என்பதை எவர் அறிவார்? தியடோர் ஆஃப்ரெக்ட் என்னும் அறிஞர் 1852இல் வந்து சில காலம் உடனிருந்து உழைத்தார். தலைப்பிலே ஒருவர் பெயர் நிற்பினும் இத்தகைய வேலை ஒருவரால் முடிவதன்று.

1860இல் வில்சன் இறந்தார். வடமொழிப் பேராசிரியர் பதவி முல்லருக்கே வரும் என்று பலர் எண்ணினர். அப்பதவி போடன் என்னும் படைத்தலைவர் வைத்துச்சென்ற பொருளால் ஏற்பட்டது. வேதாகமத்தை வடமொழியாக்குதற்கும் சமயப்பணிக்கும் பயன்படவேண்டும் என்பது அவர் கருத்து. தேர்ந்தெடுப்போர் சர்வகலாசாலையின் பட்டதாரிகள். டிசம்பர் 7ஆம் நாள் நடந்த தேர்தலில் மோனியர் வில்லியம்ஸ் 833 வாக்கும் முல்லர் 610 வாக்கும் பெற்றனர். அந்நியர் என்பதும், சமயக் கொள்கையில் அவர் தாராளமுடையவர் என்பதும் அவருக்கு எதிராயின. இத்தோல்வி அவரை நெடுங்காலம் வருத்திற்று. 1868இல் ஒப்பியல் மொழிநூற் பேராசிரியர் பதவி அவருக்கென்றே ஏற்படுத்தப்பட்டது.

இதன்பின் அவர் மேற்கொண்ட பெருமுயற்சி, கீழ்நாட்டுத் திருநூல்களை ஆங்கிலத்தில் வரிசையாக வெளியிடுதலாகும். இருக்கு வேதப் பதிப்பு ஒருவர் பேரால் நடந்தது. இதுவோ பல தேசத்தார் கூடி இழுத்த தேர். 1876இல் சர்வகலாசாலையார் அவரை விரிவுரைப் பொறுப்பினின்று விடுவித்து இவ்வேலைக்கு ஒழிவு கொடுத்தனர். செலவை இந்தியா காரியாலயமும் ஆக்ஸ்போர்டு அச்சகத்தாரும் பகிர்ந்துகொண்டனர். 1879இல் முதல் நூல்கள் வெளிவந்தன. 1910இல் ஐம்பதாவதாகிய அகராதி நூல் வெளிவந்தபோது முல்லர் மறைந்து பத்தாண்டு ஆகியிருந்தது. சீன நூல்களை மொழிபெயர்த்த ஜேம்ஸ் லெக் ஸ்காட்லாந்திலிருந்து சீனருக்கு மிஷனரியாகச் சென்றவர். அவெஸ்தாவைத் தொடங்கிய டார்மெஸ்டெட்டர் பிரெஞ்சுக்காரர். பெளத்த நூல்களில் டேனியரும் டச்சுக்காரரும் ஜப்பானியரும் உழைத்தனர். பகவத்கீதையை மொழிபெயர்த்தவர் பம்பாயைச் சேர்ந்த காசிநாத திரியம்பக தெலாங்கு. அது 1882இல் வெளிவந்தது. நம் ஸ்ரீபெரும்புதூரிற் பிறந்த இராமாநுஜருடைய ஸ்ரீபாஷ்யம் தீபோ என்பவரின் மொழிபெயர்ப்பாக 1904இல் இவ்வரிசையிற் சேர்ந்தது.

ஆயினும் ஒரு குறை சொல்லாமல் இருத்தற்கில்லை. இவ்வரிசையிலே தமிழ்நூல் ஒன்றுமில்லை. வடமொழி, பாலி, பிராகிருதம், சீனம், பாரசீகத்துப் பழைய மொழிகள், அரபி ஆகியவற்றுக்கு இடமிருந்தது. திருக்குறளுக்கோ திருவாசகத்துக்கோ இடமில்லை. இத்தனைக்கும் போப்பையர் 1884 முதல் அதே ஆக்ஸ்போர்டில் தமிழ் கற்பித்து வாழ்ந்தார். அவருடைய திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886இல் வேறு வழியாக வந்தது. திருவாசகம் 1900இல் அதே ஆக்ஸ்போர்டு அச்சகத்தில் தனி நூலாக அச்சாயிற்று. பணம் கொடுப்போரும் திட்டம் வகுப்போரும் இந்தியா என்றவுடன் எதனைக் கண்டார்களோ அதனையே உலகமும் கண்டது. ஒருமுறை வகுத்த வரிசை பல தலைமுறைக்குப் பாடத்திட்டமாகிவிடுகிறது.

முல்லரின் உள்ளக்கருத்தைப் பற்றி இன்றும் வாதம் ஓயவில்லை. அவர் மனைவியார் 1902இல் வெளியிட்ட கடிதங்களில், இந்தியரின் பழஞ்சமயம் அழியுங் காலம் வந்தது என்னும் கருத்துப்பட எழுதியவை உள. அவற்றைக்கொண்டு அவர் கூலிக்கு மாரடித்தவரே என்பார் உளர். ஆனால் 1882இல் சிவில் உத்தியோகத்துக்குச் செல்ல இருந்த கேம்பிரிட்ஜ் மாணவருக்கு அவர் நிகழ்த்திய சொற்பொழிவுகளிலே, இந்தியர் பொய்யர் என்னும் அவதூற்றை மறுத்து, அவர்களிடம் கற்கவேண்டியதை எடுத்துக் கூறினார். இரண்டும் அவர் எழுத்தே. ஒன்றை மறைத்து மற்றொன்றைக் காட்டுதல் நேர்மையன்று. அன்றியும், பதித்த பாடம் அவருடைய கருத்துக்காக எங்கேனும் திரிக்கப்பட்டதா என்பதே பதிப்பாசிரியரிடம் கேட்கவேண்டிய முதற்கேள்வி என்பது எம் எண்ணம்.

1879இல் நஞ்சியோ, கசாவரா என்னும் இரு ஜப்பானிய பெளத்தத் துறவியர், தம் மடத்தாரின் செலவிலே வடமொழி கற்க அவரிடம் வந்தனர். நஞ்சியோ சீன திரிபிடகத்துக்கு ஒரு பெரும் பட்டியல் தொகுத்து 1883இல் வெளியிட்டார். கசாவரா ஊர் திரும்பி அதே ஆண்டில் இறந்தார். ஆசிரியர் ஒரு மகனை இழந்தவர்போல வருந்தினார்.

சாயணருரைப் பதிப்பின் பிரதிகள் அருகிப்போனமையின் மறுபதிப்பு வேண்டியதாயிற்று. அதன் செலவை ஏற்றவர் சென்னை மாகாணத்திலே அக்காலத்திருந்த விஜயநகரம் மகாராஜா. புக்கருடைய விஜயநகரம் வேறு, இது வேறு. எனினும் பெயர் ஒத்தது ஓர் அழகே. விண்டர்நிட்ஸ் என்னும் இளைஞர் துணைபுரிய, 1890 முதல் 1892 வரை நான்கு சம்புடங்களாக அது வெளிவந்தது.

முல்லர் 1900ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் ஆக்ஸ்போர்டில் காலமானார். அவருடைய நூல்நிலையத்தை இவாசாகி என்னும் ஜப்பானியச் செல்வர் விலைக்கு வாங்கி டோக்கியோ சர்வகலாசாலைக்கு அளித்தார். 1923 செப்டம்பர் முதல் நாள் நேர்ந்த பூகம்பத்தையொட்டி எழுந்த தீயிலே அது எரிந்துபோயிற்று.